மனோகுப்தி: மனத்தைக் காக்கும் அறம்



கதிரவன் மறையுமுன் உணவு முடித்தல், நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல் ஆகியவை நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகின்றன. இவற்றைக் கண்டே பிறர் நம்மைச் சமணர் என்று அறிகின்றனர். இது நமக்குப் பெருமையே. எனினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கொல்லாமை என்னும் பேரறத்தை நாம் பெரும்பாலும் அடுக்களையில் காக்கிறோம். உள்ளத்தில் காக்கிறோமா?

நம் பிள்ளைகளுள் பலர் கிறித்தவப் பள்ளிகளில் பயில்கின்றனர். செயலால் மட்டுமன்றி நினைவாலும் மனிதன் பிழை செய்கிறான் என்னும் போதனையை அங்கே கேட்டு வருகின்றனர். வீட்டிற்கு வந்து, "நம் சமயத்திலும் இப்படி உண்டா அம்மா?" என்று வினவுகின்றனர். உண்டு என்று சொல்லவும், எங்கே உண்டு என்று காட்டவும், எப்படிக் கடைப்பிடிப்பது என்று கற்பிக்கவும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். அதற்குத் துணையாக இப்பாடம் எழுதப்படுகிறது.

ஆகமம் கூறும் முறை

உடல், சொல், மனம் ஆகியவற்றின் இயக்கம் யோகம் எனப்படும். அந்த இயக்கத்தின் வழியாகவே வினை உயிரை வந்தடைகிறது. இதனை வடமொழி நூல்கள் ஆஸ்ரவம் என்றும், தமிழ்ச் சமணச் சான்றோர் ஊற்று என்றும் வழங்கினர். ஓடத்தில் துளை வழியே நீர் ஊறுவது போன்றது அது. துளையை அடைப்பது சம்வரம், தமிழில் செறிப்பு. முன்னரே புகுந்த நீரை இறைப்பது நிர்ஜரை, தமிழில் உதிர்ப்பு.

செறிப்புக்குரிய வழிகளை உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது குப்தி. குப்தி என்றால் காத்தல் என்பது பொருள். மனோகுப்தி, வசனகுப்தி, காயகுப்தி என அது மூவகைப்படும். மனத்தை அதன் போக்கில் விடாது நல்வழியில் அடக்கிக் காத்தல் மனோகுப்தியாகும். இதனை முழுமையாகக் கைக்கொள்வோர் முனிவர். இல்லறத்தார் தத்தம் ஆற்றலுக்கு ஏற்பக் கைக்கொள்ளலாம்.

அந்நூலின் ஏழாம் அத்தியாயத்தில் நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்று உண்டு. கொல்லாமை விரதம் உறுதிபெற ஐந்து பாவனைகள் துணைசெய்யும் என்று ஆசாரியர் கூறுகிறார். அவை: சொல்லைக் காத்தல், மனத்தைக் காத்தல், நடக்கும்போது நிலத்தை நோக்கி நடத்தல், பொருள்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராது பார்த்தல், நல்லொளியில் நோக்கி உண்ணலும் பருகலும். இவ்வைந்தனுள் ஐந்தாவதை நாம் விடாது பற்றியுள்ளோம். முதலிரண்டையும் நெகிழ விட்டோம். ஐந்து கால்களுள் ஒன்றன்மேல் மட்டும் பந்தல் எத்தனை நாள் நிற்கும்?

திருக்குறளையும் இங்கே நினைவுகூரலாம். அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் அறத்திற்கு மாறாக எண்ணப்படும் குற்றங்கள் நான்கு. அவற்றுள் பொறாமை, ஆசை, சினம் ஆகிய மூன்றும் உள்ளத்தில் பிறப்பன. கடுஞ்சொல் ஒன்றே நாவில் பிறப்பது.

அரிசி மீனும் உளுந்து முனிவரும்

பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தி நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பாவபாகுடம் என்னும் நூலில் இரண்டு கதைகளைச் சுட்டிக் காட்டுகிறார். பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதைகள் அவை.

கடைக்கோடிக் கடலாகிய சுயம்பூரமணத்தில் மலையனைய பெருமீன் ஒன்று வாய்திறந்து உறங்கும். அதன் வாய்க்குள் எண்ணற்ற சிறு மீன்கள் புகுவதும் வெளியேறுவதுமாக இருக்கும். அப்பெருமீனின் காதில் நெல்லரிசி அளவே உள்ள மீன் ஒன்று வாழ்ந்தது. அது இக்காட்சியைக் கண்டு, "இத்துணைப் பெரிய வாய் எனக்கு இருந்தால் ஒன்றையும் தப்பவிடேன்" என்று நாள்தோறும் எண்ணியது. அது ஓர் உயிரையும் கொன்றதில்லை. கொல்லும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆயினும் அந்த எண்ணத்தின் கொடுமையால் கொடிய நரகத்தில் வீழ்ந்தது.

மற்றொரு கதை சிவபூதி முனிவருடையது. பாடம் மனத்தில் நில்லாத மாணாக்கர் அவர். உடலும் உயிரும் வெவ்வேறு என்பதற்கு உவமையாக, தோலும் உளுந்தும் வேறானாற்போல என்று ஆசிரியர் கற்பித்தார். அதையும் மறந்தார். பின்னர் ஒரு பெண் உளுந்தைக் கழுவித் தோலை நீக்குவதைக் கண்டு பொருளை உணர்ந்தார். அந்தச் சிறு தொடரையே தூய உள்ளத்தோடு சிந்தித்துச் சிந்தித்து முழுதுணர் ஞானம் பெற்றார்.

ஒன்று கையால் எதுவும் செய்யாமலே கெட்டது. மற்றவர் பெருநூல் எதுவும் கல்லாமலே உயர்ந்தார். இரண்டிற்கும் காரணம் உள்ளத்தின் நிலையே. ஆசிரியப் பணியில் இருந்தவள் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: மதிப்பெண்ணில் பின்தங்கும் பிள்ளைக்குச் சிவபூதியின் கதையைச் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அரிசி மீனின் கதையைச் சொல்லுங்கள்.

அயிரை மலையில் பார்சுவநாதர்

பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் பாப்பம்பட்டிக்கு அருகே ஐவர்மலை என்னும் குன்று உள்ளது. பஞ்சபாண்டவரோடு தொடர்புபடுத்தி மக்கள் அதனை இப்பெயரால் வழங்குகின்றனர். குகையில் இன்று திரௌபதி அம்மன் வழிபாடு நடைபெறுகிறது. பழம்பெயர் திருவயிரை. அங்குள்ள நீண்ட குகைத்தளத்தின் மேற்பாறையில் 16 சமணத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பாம்புக் குடையின்கீழ் நிற்கும் பார்சுவநாதரை எளிதில் அடையாளம் காணலாம்.

அங்கே ஒரு கல்வெட்டு உள்ளது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது அது. பாண்டியர் கால வரையறைக்கே அடிப்படைச் சான்றாக வரலாற்றறிஞர் அதனைக் கொள்வர். குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்னும் செய்தியை அது தருகிறது.

இவ்வறச்செயலில் மனோகுப்திக்குரிய குறிப்பொன்று அடங்கியுள்ளது. சாந்திவீரர் புதிதாக உருவம் அமைக்கவில்லை. முன்னோர் அமைத்துப் பழமையுற்றதைப் புதுப்பித்தார். கல்லில் வெட்டிய உருவமே மழையாலும் காற்றாலும் தேயுமாயின், உள்ளத்தில் கொண்ட உறுதி தேயாதிருக்குமா? மனக்காப்பு ஒருநாள் செய்து முடிக்கும் வேலையன்று. அன்றாடம் புதுப்பிக்க வேண்டுவது.

அங்கே வழிபடப்பெற்ற பார்சுவநாதரின் வரலாறும் நினைவின் வன்மையைக் காட்டுவதே. முற்பிறவியில் அவர் மருபூதி என்னும் பெயருடையவர். அவருடைய தமையன் கமடன் தம்பிக்குத் தீங்கிழைத்து, அரசனால் நாடு கடத்தப்பட்டான். மருபூதியோ தமையனிடம் பணிந்து மன்னிப்பு வேண்டச் சென்றார். தவவேடத்தில் கல்லைச் சுமந்து நின்ற கமடன் அக்கல்லாலேயே தம்பியைக் கொன்றான். இறக்கும் வேளையில் துன்ப நினைவு மேலிட்டமையால் மருபூதி யானையாகப் பிறந்தார் என்பது புராணம். பின்னாளில் தீர்த்தங்கரராக வேண்டிய உயிரையும், நல்லெண்ணத்தோடு சென்ற உயிரையும், இறுதி நேர நினைவு விலங்குப் பிறவிக்கு இட்டுச் சென்றது. கமடனின் பகையோ பிறவிதோறும் தொடர்ந்தது. இறுதியில் தவத்தில் நின்ற பார்சுவநாதர்மேல் பெருமழையும் கல்லும் பொழிந்தபோது அவர் உள்ளம் அசையவில்லை. தரணேந்திரன் படம் விரித்துக் குடையாயினான். காத்தவன்மேல் விருப்பும், தாக்கியவன்மேல் வெறுப்பும் அப்பெருமானுக்கு இல்லை. அந்தச் சமநிலையின்முன் கமடனின் உயிரும் பகை தணிந்து நற்காட்சி பெற்றது.

மலைமேல் மற்றொரு மரபு

அதே பழனி மலைத்தொடரின் உச்சியில் வேறொரு சமயத்தாரும் மனக்காப்பைப் பயின்று வந்துள்ளனர். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1895இல் இயேசு சபைத் துறவியர் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். துறவறம் பூண்ட இளைஞர் மலையின் தனிமையில் தங்கிப் பயில ஏற்பட்ட இடம் அது.

இச்சபையை நிறுவியவர் ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியார் (1491–1556). அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலைத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஏற்று அங்கீகரித்தார். ஆத்தும சோதனை என்னும் அன்றாடக் கடமை அந்நூலில் விரிவாகக் கூறப்பெறுகிறது. நாளின் முடிவில் மணி மணியாக அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். முதலில் நினைவை, அடுத்துச் சொல்லை, பின்னர்ச் செயலை ஆராய்தல் வேண்டும். நாம் கூறும் மனம், மொழி, மெய் என்னும் அதே வரிசை!

தனிச் சோதனை என்றும் ஒன்று உண்டு. ஒருவன் தன்னிடமுள்ள ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொள்கிறான். காலையில் எழும்போது அதனை விலக்க உறுதி கொள்கிறான். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறையும், இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும் கணக்குப் பார்த்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஏட்டில் வரைந்த கோட்டின்மேல் ஒரு புள்ளி இடுகிறான். நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டு, புள்ளிகள் குறைகின்றனவா என்று காண்கிறான்.

இம்முறையின் வேர் இன்னும் பழமையானது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் செய்த எவாகிரியுஸ் என்பவர், துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, புகழாசை, செருக்கு என்பன அவை. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நம் நான்கு கஷாயங்களை அறிந்தோர்க்கு இப்பட்டியல் அன்னியமாகத் தோன்றாது. கொலைக்கு மட்டுமன்றிச் சினத்திற்கும் மனிதன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது இயேசுவின் மலைப்பொழிவிலேயே உள்ள போதனையாகும்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு மரபுகளும் ஒன்றென்று கூறிவிடுதல் பொருந்தாது. கிறித்தவர் இறைவன் திருமுன் நின்று தம் நினைவை ஆராய்கின்றனர். அவன் அருளை வேண்டி, அவன் மன்னிப்பைப் பெறுகின்றனர். நம் அறத்தில் படைத்துக் காத்துத் தண்டிக்கும் கடவுள் இல்லை. தீய நினைவு எழுந்த அக்கணமே வினையின் வரவு. எழுதி வைக்க வேறொருவர் வேண்டுவதில்லை. தீர்த்தங்கரர் வழிகாட்டுவர், நடப்பவர் நாமே. நாம் மன்னிப்பு வேண்டுவது எவ்வுயிருக்குத் தீங்கு எண்ணினோமோ அவ்வுயிரிடம், எல்லா உயிர்களிடமும். தசலட்சண பர்வத்தின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுவதன் கருத்து இதுவே.

ஆயினும் ஓர் ஒற்றுமை வியப்பூட்டுவது. தீய எண்ணம் வந்து தட்டுவதும், அதனை உள்ளே அழைத்து உட்கார வைப்பதும் ஒன்றல்ல என்று இரு மரபினரும் கூறுகின்றனர். எண்ணத்தை உடனே எதிர்த்து விலக்குதல், சற்று நேரம் அதில் தோய்ந்திருத்தல், அதற்கு இசைதல் என இஞ்ஞாசியார் தரம் பிரிக்கிறார். நம் அமிதகதி ஆசாரியரோ மனத்தூய்மை குலைதல் அதிக்கிரமம், ஒழுக்க வேலியைத் தாண்டுதல் வியதிக்கிரமம், புலனின்பத்தில் இறங்குதல் அதிசாரம், அதிலேயே ஆழ்ந்து கிடத்தல் அனாசாரம் என நான்கு படிகளைக் கூறுகிறார். பயிர் மேயும் மாட்டை வயலின் நடுவே பிடிப்பது கடினம். வேலியருகே முகம் நீட்டும்போதே ஓட்டிவிடுதல் எளிது. மனோகுப்தி அந்த வேலியருகில் நிற்கும் காவல்.

காக்கத் தெரிய, கள்வனை அறிக

எந்த நினைவை விலக்குவது என்று அறியாதவர் மனத்தைக் காத்தல் இயலாது. தீய தியானங்கள் இரண்டென்றும், ஒவ்வொன்றும் நான்கு வகைப்படும் என்றும் நூல் கூறும்.

ஆர்த்தம் என்பது துன்ப நினைவு. வேண்டாதது வந்து சேர்ந்தபோது அது ஒழிவதையே எண்ணல். விரும்பியது பிரிந்தபோது அதையே எண்ணி ஏங்கல். நோயின் வேதனையையே எண்ணல். வருங்கால இன்பத்தை வேண்டி எண்ணல் என நான்கு. நோன்பு நோற்கும்போதே, இதன் பயனாக மகனுக்கு உத்தியோகம் வரவேண்டும் என்று கணக்கிடுவோமாயின் அது நான்காம் வகையைச் சார்ந்தது.

ரௌத்திரம் என்பது கொடிய நினைவு. கொலையில், பொய்யில், களவில் மகிழும் எண்ணமும், பொருளைக் காக்கும் வெறியில் எழும் எண்ணமும் இதன்பாற்படும். உடன்பிறந்தார் இருவர் ஒரு வரப்பின் பொருட்டுப் பத்தாண்டு பேசாதிருப்பதை நம் ஊர்களில் காண்கிறோம். இருவரும் பொழுது சாயுமுன் உண்பவர். இருவரும் ஆலயத்தில் ஒரே படிமத்தின் முன் நிற்பவர். ஆயினும் ஒருவர் மற்றவரின் இழப்பைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்வாராயின், அரிசி மீன் அவர் காதில் குடியிருக்கிறது.

இவற்றிற்கு மாற்றாக நான்கு நல்லெண்ணங்களை ஆசாரியர் அருளினார். எல்லா உயிர்களிடமும் நட்பு; நம்மினும் உயர்ந்தோரைக் கண்டு மகிழ்ச்சி; துன்புறுவோரிடம் இரக்கம்; திருந்த மறுப்போரிடம் நடுநிலை. வெற்று மனம் நில்லாது. ஒன்றை நீக்கினால் மற்றொன்றை அவ்விடத்தில் வைத்தல் வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கன

1. மாலை உணவு விரைவில் முடிவதால் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பிற இல்லங்களில் இரவு உணவுக்குச் செல்லும் நேரம் நமக்கு மிச்சம். அதில் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை (48 நிமிடம்) சாமாயிகத்திற்கு உரியது. இயலாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். அந்நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வு கொள்ளட்டும்.

2. சாமாயிகத்தின் முடிவில் அன்றைய நாளை மனம், மொழி, மெய் என்ற வரிசையில் திரும்பிப் பாருங்கள். எவர்மேல் கசப்பு எழுந்ததோ அவரை நினைத்து மனத்தளவில் பொறுத்தருள வேண்டுங்கள். இயன்றால் மறுநாள் நேரிலும் கேளுங்கள்.

3. ஒரு திங்களுக்கு ஒரு குற்றத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பொறாமையாயின் பொறாமை மட்டும். செண்பகனூர்த் துறவியர் மரபிலுள்ள புள்ளி ஏட்டை நாமும் பயன்படுத்துவதில் தடையில்லை. நல்ல கருவி எவர் கையிலிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் ஏடு அவரவருக்கே உரியது. பிள்ளையின் ஏட்டைத் தாய் பார்த்தல் கூடாது. அது மதிப்பெண் பட்டியலன்று.

4. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் வாரம் ஒன்றை எடுத்துக் குடும்பத்தோடு உரையாடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

சிலர், குறிப்பாக மென்மையான உள்ளம் படைத்த பிள்ளைகள், தீய எண்ணம் வந்தாலே தாம் கெட்டுவிட்டதாக அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் இத்தகைய ஓயாத ஐயங்களால் பெரிதும் வருந்தியவர். பின்னரே தெளிவு பெற்றார். நம் நூலும் வினையின் அளவு எண்ணத்தின் கடுமை, மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல் ஆகியவற்றால் வேறுபடும் என்கிறது. சாமாயிகத்தில் மனம் அலைவதை அதிசாரம் என்றே சூத்திரம் கூறும். அது விரதத்திற்கு மாசு, விரதத்தின் அழிவு அன்று. மாசைத் துடைத்துவிட்டு மீண்டும் அமர்க. தன்னையே ஓயாது நொந்து கொள்வதும் ஆர்த்தத் தியானமே என்பதை மறவற்க.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "என்ன நினைத்தாய்?" என்று பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அவரவர் மனத்திற்கு அவரவரே காவலர். நாம் செய்யக்கூடியது, நம் சினத்தை நாம் எவ்வாறு காக்கிறோம் என்பதை அவர்கள் கண்முன் வாழ்ந்து காட்டுவதே. அடுத்த முறை பிள்ளை வந்து, "நம் சமயத்திலும் இப்படி உண்டா?" என்று கேட்கும்போது, நூலை எடுத்துக் காட்டுவதோடு வீட்டையும் காட்ட முடிதல் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கொல்லாமை விரதத்தின் ஐந்து பாவனைகள் யாவை? நம் இல்லத்தில் எவை உள, எவை இல?
2. ஓர் உயிரையும் கொல்லாத அரிசி மீன் ஏன் கெட்டது?
3. மன்னிப்பு வேண்டச் சென்ற மருபூதி ஏன் யானையாகப் பிறந்தார்?
4. ஆத்தும சோதனைக்கும் நம் முறைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் கூறுக.
5. நாம் பேசாதிருக்கும் உறவினர் எவரேனும் உளரா? அவரிடம் முதலில் பேச வேண்டியவர் யார்?

ஐந்தாம் வினாவிற்கு விடையை ஏட்டில் எழுத வேண்டா. நேரில் சென்று எழுதுக.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!